படிவத்தில் ஒரு தம்பி

எகெசின், 14 ஜனவரி 1990

அன்புள்ள அண்ணன் எக்கார்ட்டுக்கு,

ஹென்னிங் எழுதுகிறேன். உன் தம்பி ஹென்னிங். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே நான், என் மனைவி இங்க்ரிட், பெண்கள் இரண்டு பேர், எல்லோரும் நலம். எனக்குக் குளிர் வந்தால் முழங்கால் மட்டும் குடைகிறது. இருபது வருஷம் டாங்கியில் ஏறி இறங்கிய கால்.

இத்தனை காலம் வாய் திறக்காதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பாய். பெர்லின் சுவர் திறந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், கிழித்தேன். ஆறு முறை. கடைசியில் இங்க்ரிட்டுக்குப் பொறுமை போய்விட்டது. "மன்னிப்பு கேக்கறதுக்கு அழகான கையெழுத்தெல்லாம் வேண்டாம். எழுதி எங்கிட்ட குடு, நானே போய்ப் போட்டுட்டு வரேன்" என்றாள். அதனால் இது உன் கைக்கு வந்து சேரும்.

1961 ஜூலையில் நீ மேற்கு ஜெர்மனிக்குப் போனாய். அடுத்த மாதம் சுவர் எழுந்தது. எனக்கு அப்போது பதினேழு வயது. பிறகு நான் இங்கே மக்கள் ராணுவத்தில் சேர்ந்தேன். 1968-இல் கேப்டன் பதவி வரும் நேரத்தில் ஒரு தாளை முன்னால் வைத்தார்கள். மேற்கில் இருக்கும் சகோதரனோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, இனியும் இருக்காது என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். யாரும் என் தலையில் துப்பாக்கி வைக்கவில்லை. பதவி வேண்டும் என்று போட்டேன். இதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாரோ சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம்.

உன் முகவரியை ஹெர்தா சித்தி தந்தாள். நீ அங்கே ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னலாமே! இங்கே நானும் அதேதான். அப்பா உலகப் போரில் ஒரு ராணுவத்தோடு போய்க் கூர்லாந்தில் தொலைந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக ஆளுக்கு ஒரு ராணுவத்தில். என்ன குடும்பமோ இது!

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் தம்பி
ஹென்னிங்


கோப்லென்ஸ், 22 மார்ச் 1990

அன்புள்ள ஹென்னிங்,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கும் நலமே. முழங்காலுக்கு நல்ல மருத்துவரைப் பார்.

நீ எழுதிய அந்தக் கையெழுத்து பற்றி: அந்தக் காலம் அப்படி. அதை இனிப் பேச வேண்டாம்.

இந்த வருஷம் வசந்தம் சீக்கிரமே வந்துவிட்டது. மோசல் ஆற்றங்கரையில் பீச் பழ மரங்கள் பூத்துவிட்டன. அலுவலகத்தில் வேலை அதிகம்.

ஒரு வேண்டுகோள். இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுதாதே. கீழே ஓர் அஞ்சல் பெட்டி எண் தந்திருக்கிறேன், அதற்கு எழுது. எங்கள் வேலையில் கிழக்கிலிருந்து வரும் கடிதங்களுக்கு இன்னும் விதிமுறைகள் இருக்கின்றன. ராணுவக்காரனுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இங்க்ரிட்டையும் பெண்களையும் விசாரித்ததாகச் சொல்.

எக்கார்ட்


எகெசின், 24 ஏப்ரல் 1990

அன்புள்ள அண்ணா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அண்ணி எப்படி இருக்கிறாள்? நீ அவளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பிள்ளைகள் எத்தனை பேர் என்றுகூட நான் ஹெர்தா சித்தியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நான் நான்கு பக்கம் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து அரைப் பக்கம் வந்தது. பரவாயில்லை. சின்ன வயசிலும் நீ அப்படித்தான். நான் கத்துவேன், நீ கதவைச் சாத்திக்கொள்வாய்.

இங்கே நடக்கும் கூத்தைக் கேள். தேர்தல் முடிந்தது. ராணுவத்துக்கு வர மாட்டேன் என்று சிறைக்குப் போன ஒரு பாதிரியார்தான் இப்போது எங்களுக்குப் பாதுகாப்பு அமைச்சர். காலை அணிவகுப்பில் பாதிப் பேரைக் காணோம். விடுப்பு கேட்காமலே வீட்டுக்குப் போய்விட்டார்கள். போன வாரம் சமையல்காரரும் நானும் ஒரு மேஜரும் சேர்ந்து நூறு பேருக்கு உருளைக்கிழங்கு உரித்தோம். மேஜர் சொன்னார்: "பதினெட்டு வருஷமா மேற்கு டாங்கியை நிறுத்தறது எப்படின்னு படிச்சேன். இந்தத் தோலைச் சீவறது எப்படின்னு எவனும் சொல்லிக் குடுக்கல." சிரித்துச் சிரித்து என் விரலை வெட்டிக்கொண்டேன்.

நாங்கள் மே மாதம் அங்கே வரலாம் என்று இருக்கிறோம். எங்கள் டிராபண்ட் கார் கோப்லென்ஸ் வரை தாங்கும் என்று நம்புகிறேன். சின்னவள் உல்ரிகே தினமும் கேட்கிறாள்: "பெரியப்பா நம்மளைப் பாத்தா அழுவாரா, சிரிப்பாரா?" தெரியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். எந்தத் தேதி தோது என்று எழுது.

உன் தம்பி
ஹென்னிங்


கோப்லென்ஸ், 30 மே 1990

அன்புள்ள ஹென்னிங்,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விரல் ஆறிவிட்டதா?

மே மாதம் சரிப்பட்டு வரவில்லை. வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருக்கிறோம். ஜூனில் என் மனைவி ரோஸ்விதாவுக்குக் கண்ணில் ஒரு சிறிய சிகிச்சை. ஜூலையில் எனக்குப் பயிற்சி முகாம். அப்புறம் பார்க்கலாம். உல்ரிகேவிடம் ஏதாவது நல்லபடியாகச் சொல்லிவிடு.

ஒன்று கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு அடக்க முடியவில்லை. 1979 மார்ச்சில் அம்மா போனாள். ஜூலையில் சித்தி எழுதித்தான் எனக்குத் தெரியும். நீ அம்மாவுக்கு மூன்று தெரு தள்ளி இருந்தாய். ஒரு வரி, ஹென்னிங். "அம்மா போய்விட்டாள்" என்று ஒரு வரி. அதற்குமா உங்கள் ராணுவம் குறுக்கே நின்றது?

பதினெட்டு வருஷம் அம்மா எனக்குக் கடிதம் போட்டாள். நம் ஊர்க் காயல் பனியாய் உறைந்தது, மீன் கிடைக்கவில்லை, சித்தியின் நாய் குட்டி போட்டது, எல்லாம் எழுதுவாள். உன் பெயர் மட்டும் ஒருமுறைகூட வராது. அவளுக்கு ஒரே பிள்ளை போலத்தான் எழுதுவாள். நீ சொல்லித்தான் அப்படி எழுதினாள் என்று இப்போது புரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எக்கார்ட்


எகெசின், 22 ஜூலை 1990

அன்புள்ள அண்ணா,

அண்ணியின் கண் இப்போது எப்படி இருக்கிறது? நாங்கள் நலம். உடம்புக்கு நலம். மனசைக் கேட்காதே.

உன் கடிதத்தை ஏழு வாரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். நீ கேட்டது நியாயம். அம்மா இறந்த அன்று தபால் நிலையத்தில் போய்த் தந்தி எழுதினேன். உன் பெயர், ஊர், எல்லாம் எழுதிவிட்டேன். அந்தப் பெண் நிமிர்ந்து என் சீருடையைப் பார்த்தாள். தாளை வாங்கிக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, அண்ணா. வெறுமனே பார்த்தாள். அதற்கே பயந்தேன். அம்மாவிடம் என் பெயரை எழுதாதே என்று சொன்னதும் நான்தான். இதற்கெல்லாம் சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மன்னிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. வேண்டுமானால் நேரில் வந்து நாலு அறை கொடு, வாங்கிக்கொள்கிறேன்.

முந்தாநாள் எங்களை வரிசையில் நிறுத்திப் புதிய சத்தியம் வாங்கினார்கள். தொப்பிச் சின்னத்தில் இருந்த சுத்தியலையும் கவராயத்தையும் எடுத்துவிட்டோம். ஜூலை இருபது, ஹிட்லரைக் கொல்லக் குண்டு வைத்த அதிகாரிகளின் நாள். இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் இல்லாமல் போகப் போகும் ஒரு நாட்டுக்குச் சத்தியம்! பக்கத்தில் நின்றவன் காதில் சொன்னான்: "இது எத்தனை நாளைக்குச் செல்லும்னு பின்னாடி அச்சடிச்சிருக்கா பாரு." எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அதில் உண்மை இருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். எந்த ராணுவம் கேட்டாலும் சரி.

எழுது.

உன் தம்பி
ஹென்னிங்


எகெசின், 7 அக்டோபர் 1990

அன்புள்ள அண்ணா,

நலமா? என் ஜூலைக் கடிதத்துக்குப் பதில் இல்லை. கோபம் தீரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு உனக்கு உரிமை உண்டு.

நாடு இரண்டும் ஒன்றாகிவிட்டது, இப்போது நாம் இரண்டு பேரும் ஒரே ராணுவம். இரண்டாம் தேதி சாயங்காலம் எங்கள் கொடியை இறக்கி மடித்தோம். லெப்டினன்ட் கர்னலாகத் தூங்கப் போனேன், மேஜராக எழுந்தேன். ஒரு படி இறக்கிவிட்டார்கள். சீருடையை லாரியில் கொண்டுவந்து கொட்டினார்கள். என் கால்சட்டையில் இன்னொருவரும் நுழையலாம். இங்க்ரிட் ஊசியை எடுத்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "நாட்டையே சுருக்கிட்டாங்க, கால்சட்டையைச் சுருக்கி அனுப்பக் கூடாதா?" என்றாள்.

மேற்கிலிருந்து ப்ரோக்மன் என்று ஒரு தளபதி வந்திருக்கிறார். நல்ல மனிதர். எங்களை உட்காரவைத்து வகுப்பு எடுக்கிறார். "இந்த ராணுவம் அம்பத்தஞ்சுல பொறந்தது. பொறக்கும்போதே இதுக்கு ஒரு பயம், மறுபடியும் எவனோ ஒருத்தனுக்கு அடியாளா ஆயிடக் கூடாதுன்னு. அதனாலதான் நாடாளுமன்றத்துக்குக் கட்டுப்பட்டது. நீங்க சீருடை போட்ட குடிமகன், அவ்ளோதான். குற்றம் செய்யச் சொல்லி ஒரு கட்டளை வந்தா கீழ்ப்படியக் கூடாது. கீழ்ப்படிஞ்சா நீங்களும் குற்றவாளி" என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "அப்ப சல்யூட்டு மட்டுமாவது அடிக்கலாமா சார்?" ப்ரோக்மனும் சேர்ந்து சிரித்தார். நான் சிரித்தாலும், உள்ளே ஏதோ பிடித்தது. இருபத்தாறு வருஷத்தில் எந்த அதிகாரியும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை.

இன்னும் இரண்டு வருஷம் பணியில் இருக்க விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். இங்க்ரிட் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். எனக்கு இந்த வேலை வேண்டும், அண்ணா. வெட்கப்படாமல் சொல்கிறேன். விண்ணப்பத்தோடு ஒரு நீளமான படிவம். உளவுத் துறைக்கு வேலை செய்தீர்களா? இல்லை. கட்சியில் இருந்தீர்களா? ஆமாம். உடன்பிறந்தவர்கள்? அதில் உன் பெயரை முழுதாக எழுதினேன். எக்கார்ட் வென்ட்ஸ்கே, லெப்டினன்ட் கர்னல், கோப்லென்ஸ். எழுதிவிட்டு இங்க்ரிட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். சந்தோஷத்தில்.

உன் தம்பி
ஹென்னிங்


கோப்லென்ஸ், 11 அக்டோபர் 1990

அன்புள்ள ஹென்னிங்,

உங்கள் நலம் அறிய ஆவல். உன் கடிதம் இன்று காலை கிடைத்தது, உடனே எழுதுகிறேன்.

படிவத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் என் பெயரை எடுத்துவிடு. எடுத்துவிட்டு வேறு படிவம் எழுது. இப்படிப்பட்ட படிவங்களில் எல்லாவற்றையும் எழுத வேண்டிய அவசியம் இல்லை. தொடர்பு இல்லாத உறவினர்களை விட்டுவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். உனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். மேலே சிலருக்கு உறவுக்காரர்கள் ஒரே ராணுவத்தில் இருப்பது பிடிக்காது.

கொடுத்துவிட்டாயா இல்லையா என்று திரும்பும் தபாலில் எழுது. இது முக்கியம்.

எக்கார்ட்


எகெசின், 4 நவம்பர் 1990

அண்ணா,

நலம் விசாரிக்க வேண்டும். செத்தவன் விசாரித்தால் பலிக்குமா என்று தெரியவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே படிவம் போய்விட்டது. போன புதன்கிழமை ஒரு கேப்டன் வந்தார். மேற்கிலிருந்து, பாதுகாப்புப் பிரிவு. என்னை எதிரே உட்காரவைத்து ஒரு கோப்பைத் திறந்தார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க அண்ணன் பேரு எக்கார்ட் வென்ட்ஸ்கேவா? முப்பத்தேழுல பொறந்தவரா? சொந்த ஊரு யூக்கர்முண்டேவா?"

"ஆமா."

"அவருக்கு ஒரே ஒரு தம்பிதான் சார். அவரு அறுபத்தஞ்சுல காயல்ல மூழ்கிச் செத்துட்டாரு. லெப்டினன்ட் கர்னல் வென்ட்ஸ்கே தன் கையால எழுதிக் குடுத்திருக்காரு. அப்ப நீங்க யாரு?"

நான் பெயரைச் சொன்னேன். அவர் பிறப்புச் சான்றிதழ் கேட்டார். காட்டினேன். அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். உளவுக்காரன் எவனோ செத்தவன் பெயரில் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தார் போலிருக்கிறது. இரண்டு மணி நேரம், அண்ணா. நான் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க இரண்டு மணி நேரம். அம்மா பெயர் என்ன, நம் வீட்டுக் கதவு என்ன நிறம், எல்லாம் சொன்னேன். கடைசியில் அவர் கோப்பை மூடிவிட்டு, "இதைக் கிளறினா உங்க அண்ணனுக்கும் நாத்தம், எங்களுக்கும் நாத்தம். அந்த வரியை அடிச்சிட்டு வேற ஃபாரம் எழுதிக் குடுங்க மேஜர். உங்க ரெண்டு வருஷத்துக்கு நான் பொறுப்பு" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

எதற்கு அஞ்சல் பெட்டி, எதற்குக் கூரை, எதற்குக் கண் சிகிச்சை என்று இப்போது தெரிகிறது. அண்ணிக்கும் நான் செத்தவன்தானா? நேராகப் பதில் சொல்.

ஹென்னிங்


கோப்லென்ஸ், 9 நவம்பர் 1990

அன்புள்ள ஹென்னிங்,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன்.

1966-இல் நான் லெப்டினன்ட். வானொலி ஒட்டுக்கேட்கும் பிரிவில் இடம் வந்தது. நல்ல வேலை. உங்கள் ராணுவம் பேசுவதைக் கேட்டு எழுத வேண்டும். நீ அந்த ராணுவத்தில் சேர்ந்துவிட்டாய் என்று சித்தி எழுதியிருந்தாள். எதிரி ராணுவத்தில் தம்பி இருப்பவனை அந்த அறை வாசலில்கூட விட மாட்டார்கள். அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருந்தது, அடுத்து உடன்பிறந்தவர்கள். "இறந்துவிட்டார்" என்று எழுதினேன். எப்படி என்று கேட்டிருந்தார்கள். காயலில் மூழ்கி என்று எழுதினேன்.

அந்தப் படிவத்தைத் தட்டச்சு செய்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ஐயோ, ஒரே தம்பியா?" என்று கேட்டாள். அவள்தான் ரோஸ்விதா. தம்பியைப் பறிகொடுத்தவன் என்று என்மேல் இரக்கப்பட்டுத்தான் முதலில் பேசினாள். அதற்குப் பிறகு எந்த நாளில், எந்த வாயால் நான் அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க முடியும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1974-இல் ஒரு பயிற்சியின் ஒலிநாடா வந்தது. டாங்கிப் படை. ஒருவன் தன் ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தான். உன் குரல். திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். பிறகு "அடையாளம் தெரியாத அதிகாரி" என்று எழுதிவிட்டு வெளியே போய்ச் சுவரோரமாக நின்றேன்.

எனக்கு ஓய்வுக்கு இன்னும் பதினெட்டு மாதம். பொய் வாக்குமூலம் என்று எடுத்தால் பதவியும் போகும், ஓய்வூதியமும் போகலாம். ரோஸ்விதாவை நினைத்தால் அதுகூடப் பெரிதில்லை. அந்தக் கேப்டன் சொன்னதைச் செய். அந்த வரியை அடித்துவிடு. வேறு யாரோ ஒரு வென்ட்ஸ்கே, தவறாக எழுதிவிட்டேன் என்று சொல். உனக்கும் வேலை நிற்கும். அண்ணன் என்று இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

எக்கார்ட்


எகெசின், 15 நவம்பர் 1990

கோப்லென்ஸில் இருக்கும் அண்ணன் எக்கார்ட்டுக்கும் அண்ணி ரோஸ்விதாவுக்கும்,

இருவரும் நலமா? நான் நலம். மிகவும் நலம். மூச்சு நன்றாக வருகிறது, பசிக்கிறது, நேற்று இரண்டு தட்டு முட்டைக்கோஸ் சூப் சாப்பிட்டேன். இதை ஏன் விவரமாக எழுதுகிறேன் என்று அண்ணிக்குப் புரியாது. அண்ணன் சொல்லட்டும்.

இந்தக் கடிதம் அஞ்சல் பெட்டிக்கு வரவில்லை. வீட்டுக்கு வருகிறது, இரண்டு பேர் பெயருக்கும் வருகிறது. வேண்டுமென்றேதான் செய்தேன்.

அண்ணா, ஒரு தாளில் நான் உன்னைத் துறந்தேன். ஒரு தாளில் நீ என்னைக் கொன்றாய். நம் இரண்டு ராணுவங்களும் நம்மிடம் கேட்டது அதிகம்தான். ஆனால் பேனாவைப் பிடித்தது நம் கை. உன் ராணுவத்தில் கட்டளையைவிட மனசாட்சி பெரிதாமே? ப்ரோக்மன் தினமும் சொல்கிறார். அதை நம்பித்தான் இந்தச் சீருடையைப் போட்டேன். அந்த வகுப்பில் நீ எப்போதாவது உட்கார்ந்திருக்கிறாயா?

அந்த வரியை அடிக்க மாட்டேன். கேட்டுக்கொள், அடிக்க மாட்டேன். வேறு எவனோ வென்ட்ஸ்கே என்று சொல்லவும் மாட்டேன். வேலை போனால் போகட்டும், யூக்கர்முண்டே துறைமுகத்தில் விலாங்குமீனைப் புகைபோட்டு விற்பேன். உயிரோடு இருந்து விற்பேன்.

உங்கள் ராணுவத்தில் ஓர் ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. மேலதிகாரி தப்பு செய்தால் எந்தச் சிப்பாயும் புகார் எழுதலாம். ஆனால் நடந்த அன்றே எழுதக் கூடாது. ஓர் இரவு தாண்ட வேண்டும், கோபம் ஆறிய பிறகுதான் எழுத வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நான் ஒன்றுக்குப் பதிமூன்று இரவு விட்டேன். ஆறவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ப்ரோக்மன் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். உண்மையான ஒரு வரியை அழிக்கச் சொல்லி ஒரு கேப்டன் என்னிடம் சொன்னார் என்று எழுதியிருக்கிறேன். ப்ரோக்மன் இரண்டு முறை படித்தார். "மேஜர், இதுல உங்க அண்ணன் மாட்டுவாரு. தெரிஞ்சுதான் எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டார். "அவரு மாட்டிக்கிட்டு இருபத்திநாலு வருஷம் ஆச்சு சார்" என்றேன்.

அண்ணி, நான் ஹென்னிங். உங்கள் கொழுந்தன். நான் மூழ்கவில்லை. எனக்கு நீச்சல் நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு, உயிரோடு இருக்கும்
ஹென்னிங் வென்ட்ஸ்கே


கோப்லென்ஸ், 26 நவம்பர் 1990

ஹென்னிங் தம்பிக்கு,

நீங்கள், இங்க்ரிட், குழந்தைகள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். "நலமாக இருக்க வேண்டும்" என்று உங்களுக்கு எழுதும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

நான் ரோஸ்விதா. உங்கள் கடிதத்தைப் பத்தொன்பதாம் தேதி நான்தான் தபால்காரரிடமிருந்து வாங்கினேன். சமையலறையில் நின்றபடியே படித்தேன். முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு எக்கார்ட் வந்தார். உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வரியைத் தட்டச்சு செய்தவள் நான், தம்பி. "காயலில் மூழ்கி" என்று என் விரலால் அடித்தேன். அடித்துவிட்டு அழவும் அழுதேன். இருபத்துநான்கு வருஷமாக இறந்தவர்களின் ஞாயிற்றுக்கிழமையில் உங்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன். உங்களுக்குக் கல்லறை இல்லையே என்று என் அப்பாவின் கல்லறை ஓரத்தில் வைப்பேன். என் பிள்ளைகள், "சித்தப்பாவுக்கு அங்கே குளிருமா?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொன்னேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்த மனிதர் ஒவ்வொரு வருஷமும் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நேற்று அந்த ஞாயிற்றுக்கிழமை. கல்லறைக்கு ஒரே ஒரு மெழுகுவர்த்தி எடுத்துப் போனேன், அப்பாவுக்கு. திரும்பி வந்து அவரிடம் கேட்டேன்: "நான் யாருக்காக அழுதேன், எக்கார்ட்?" அவர் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். நான் விடவில்லை. "ஆபீஸ்ல சொன்னா பதவி போகும்ங்கறீங்க. போகட்டும். நான் டைப் அடிச்சுச் சோறு போடறேன். நான் அடிச்ச பொய்யை நீங்க போய் மாத்தணும். இல்லன்னா இந்த வீட்டுல நீங்க மட்டும் இருங்க" என்றேன். இன்றைக்குக் காலையில் வழக்கம்போல அலுவலகத்துக்குப் போய்விட்டார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. அவருக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அது அவர் வேலை.

என் பிள்ளைகளிடம் நான் சொல்லிவிட்டேன். மகன் அரை மணி நேரம் போனில் கத்தினான். மகள் சிரித்தாள், பிறகு அழுதாள். எதிர்வீட்டுக்காரிக்கும் சொன்னேன். இனி இந்தத் தெருவில் யாரும் உங்களைக் கொல்ல முடியாது.

உங்கள் அண்ணி
ரோஸ்விதா


எகெசின் முகாம், வாசல் காவல் அறை, 3 டிசம்பர் 1990, பகல் 11 மணி

ஹென்னிங்,

நீ வெடிமருந்துக் கிடங்குக்குப் போயிருக்கிறாய், மூன்று மணிக்குத்தான் வருவாய் என்றார்கள். காவலரிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி எழுதுகிறேன். உன்னைப் பார்த்தால் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

வெள்ளிக்கிழமை என் தளபதியிடம் போனேன். 1966-இல் எழுதிக் கொடுத்தது பொய், என் தம்பி உயிரோடு இருக்கிறான், அவன் நம் ராணுவத்தில் மேஜர் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "இத இன்னும் ஒன்றரை வருஷம் கழிச்சு எழுதியிருக்கலாமே வென்ட்ஸ்கே" என்றார். "அதுவரைக்கும் அவன் செத்தே கிடக்கணுமா சார்?" என்று கேட்டேன். அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அறைச் சாவிகளை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை வரும். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். இன்றைக்கு அது எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

உன் ப்ரோக்மனை வாசலில் பார்த்தேன். உன் புகார் சரி என்று எழுதிவிட்டாராம். உன் படிவம் ஒரு எழுத்துக்கூட மாறாமல் மேலே போகிறது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், கை கொடுக்கவில்லை. அதை ஏற்றுக்கொள்கிறேன்.

இங்கே நுழையும்போது காவலர் கேட்டார்: "யாரைப் பாக்கணும் சார்?" மேஜர் வென்ட்ஸ்கேயை என்றேன். "ஆபீஸ் விஷயமா?" இல்லை என்றேன். "அப்ப என்ன உறவுன்னு போடறது?" என்றார். பின்னால் இரண்டு லாரிகள் நின்றன, ஒருவன் ஹார்ன் அடித்தான். நான் நகரவில்லை. "அண்ணன். கூடப் பொறந்த அண்ணன். பெருசா எழுதுங்க" என்றேன். ரொம்பச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. லாரிக்காரன் எட்டிப் பார்த்தான்.

நீ வந்து அறையலாம். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகலாம். போனால் நாளைக்கும் வருவேன். இந்தச் சீருடையை அவர்கள் கழற்றும்வரை இதில் வருவேன், கழற்றினால் வெறும் சட்டையில் வருவேன். ஒவ்வொரு நாளும் இந்த வாசலில் அதே கேள்வியைக் கேட்கட்டும், அதே பதிலைச் சொல்கிறேன்.

மூன்று மணி வரை இந்தப் பெஞ்சில் இருக்கிறேன். அதற்குப் பிறகும் இருப்பேன்.

உன் அண்ணன்
எக்கார்ட்